எப்பவாவது அறுக்க ஒரு மெஷின்

மெஷின் யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவே இல்லை. அதுதான் இஸ்திரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்குள் முதலில் காலெடுத்து வைத்தவள் அவள். “மரம் அறுக்கிற மெஷின் ஒண்ணு வேணும், எப்பவாவதுதான் அறுப்போம், கனம் கம்மியா இருக்கணும்” என்று வாயைத் திறந்து சொன்னவளும் அவள்தான். கடைக்காரர் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். தலையையும் ஆட்டினார். பிறகு அவளைத் தாண்டி, பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்த டிரைவரைப் பார்த்து, எத்தனை இன்ச் பிளேடு பார்க்கலாம் சார் என்று விசாரித்தார். ஒருத்தி குத்துக்கல் மாதிரி முன்னால் நிற்கிறாள், கேள்வி மட்டும் அவள் தோளுக்கு மேலே பறந்து போகிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

டிரைவர் என்பது அவளுடைய புருஷன். பஸ் ஓட்டுவதை விட்டு வருஷக்கணக்காகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், அதனால் இஸ்திரியக்கா. ரோட்டைவிட்டு இறங்கி, மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் நடந்தால் கடைசியில் இவர்கள் வீடு. சுற்றி நிற்கும் மரமெல்லாம் வீட்டோடு சேர்ந்து வந்தவை. பாதை ஒன்றுதான், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேறு வழி கிடையாது. மகள் போன் பண்ணும்போதெல்லாம், அந்தக் காட்டை வித்துத் தொலைச்சுட்டு இங்க வந்துடுங்க என்பாள். அவளுடைய ஃப்ளாட்டில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முதல் நாள் காற்றில் சாய்ந்த மரம் ஒன்று பாதைக்குக் குறுக்கே கிடந்தது. பெரிய மரம்கூட இல்லை, தொடை பருமன் இருக்கும். மழை விடட்டும் பார்த்துக்கலாம் என்று டிரைவர்தான் விட்டிருந்தார். வண்டி அந்தப் பக்கம், மனுஷன் இந்தப் பக்கம். வந்த இரண்டு பேரும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் துணியால் கட்டி, சேற்றில் வழுக்கி வழுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா அதற்குள் ஒரு துருப்பிடித்த கைரம்பத்தை எடுத்துக்கொண்டு அந்த மரத்தோடு மல்லுக்கட்டியிருந்தாள். ரம்பம் பாதியிலேயே மாட்டிக்கொண்டது. அறுக்கவும் முடியவில்லை, உருவவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டு வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார். இனிமேல் கனம் தூக்கக் கூடாது, எதையும் வெடுக்கென்று பிடித்து இழுக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தை அக்கா வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பாதையை யார் திறப்பது? நான்தான் திறக்கணும், வேறு யார் இருக்கிறார்கள் என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதற்காகத்தான் இந்தக் கடை, இந்த மெஷின்.

கடைக்காரர் நடுத்தரமான ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெட்ரோலில் ஓடுவது. அதற்கு அவர் வைத்த பெயர் ஆல்ரவுண்டர். கிளை கழிக்கலாம், விழுந்த மரத்தைத் துண்டு போடலாம், விறகும் அறுக்கலாம், பேட்டிங்கும் பௌலிங்கும் ஒரே ஆள் செய்கிற மாதிரி என்று சொல்லிச் சிரித்தார். அக்கா அலமாரியில் மூலையாக இருந்த ஒன்றைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். பேட்டரியில் ஓடுவதாம், பட்டனை அழுத்தினால் போதுமாம். கடைக்காரர் அதை எடுக்கக்கூட இல்லை. “அது பொம்மை” என்று டிரைவர் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவருடைய தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தன், ஏற்கெனவே போனில் மந்திரம் ஓதியிருந்தான். அண்ணா, வாங்குறதுன்னா இருபது இன்ச் வாங்கு, இல்லேன்னா வாங்காதே. இதைச் சொன்ன மகானுபாவன் வாழ்நாளில் ஒரு முருங்கைக்காயைத் தவிர வேறு எதையும் நறுக்கியவன் இல்லை. ஆனால் டிரைவருக்கு அது வேதவாக்கு. இருபது இன்ச் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பஸ் ஸ்டியரிங் பிடித்த கை என்று எப்படியோ தெரிந்துகொண்டு, அந்தக் கைக்குச் சின்ன மெஷின் கொடுத்தால் எனக்கே மனசு கேட்காது சார் என்று ஐஸ் வைத்தார். டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை.

“நான்தாங்க அறுக்கப் போறேன்” என்றாள் அக்கா.

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு குழந்தை நான்தான் வண்டி ஓட்டுவேன் என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்த மாதிரி பிரியமான சிரிப்பு. அதற்குப் பதிலாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. நாள் முழுக்கக் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தள்ளுகிற கை அவளுடையது. அதைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை. இருபது இன்ச் மெஷின் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவள் அதைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கயிறு பாதி வந்து நின்றது. மறுபடி இழுத்தாள். மெஷின் ஒரு தடவை செருமிவிட்டுச் சும்மா இருந்தது. ஓடாத மெஷினையே இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

டிரைவர் வாசலில் நின்று, “விடும்மா, உனக்கு வராது. நான் இருக்கேன்ல?” என்றார்.

கேட்டீர்களா கதையை? இந்த மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் பாதையைத் திறக்க வாங்கிய மெஷின் இது. இதை ஸ்டார்ட் பண்ணக்கூடிய ஒரே ஆள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடக்கப்போகிற இந்த மனுஷன். அவள் இதை அப்படியே அவரிடம் எடுத்துச் சொன்னாள். அவர் யோசிப்பதுபோல மோவாயைத் தடவினார். பிறகு, அப்போ பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாற்றி வாங்கிவிடலாம் என்று அவள் அடுத்த வாரமெல்லாம் நச்சரித்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பேச்சு முற்றினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்து போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனுஷனிடம் எவ்வளவுதான் மல்லுக்கு நிற்பது? அவளும் வாயை மூடிக்கொண்டாள், ஆனால் மனசை மூடவில்லை.

ஒரு நாள் சலவைக்கடையில் நீராவிக் குழாய் வெடித்து, வேலை இல்லையென்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா பாதையில் பாதி வரும்போதே சத்தம் கேட்டது. வரட்டென்று ஒரு இழுப்பு, கப்பென்று ஒரு அடைப்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வரட்டென்று ஒரு இழுப்பு. அவளுக்கு அது என்ன சத்தமென்று புரிவதற்கு முன்பே கால் ஓட ஆரம்பித்திருந்தது.

கொட்டகைக்குள் பெட்ரோல் வாடை மூச்சை அடைத்தது. டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலுக்கும் நடுவில் மெஷின், கையில் கயிற்றின் கைப்பிடி. முகம் சாம்பல் பூத்திருந்தது, பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலக் கைப்பிடியை மட்டும் அவசரமாக விட்டார்.

அவள் ஓடிப்போய் மாத்திரையைக் கொண்டுவந்து நாக்குக்கு அடியில் வைத்தாள், கதவை அகலத் திறந்துவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல மெல்ல அவர் முகத்தில் நிறம் வந்தது. வலி ஒண்ணுமில்ல, மூச்சுத்தான் வாங்கிடுச்சு என்றார். அது உண்மைதான் என்று நிச்சயமானதும்தான் அவள் திட்டுவதற்கே ஆரம்பித்தாள்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. அவள் வேலைக்குப் போனதும் தினமும் இதே கூத்துத்தானாம். பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போவில் அவருக்கு அது பழக்கம். விடியற்காலையில் போய் முதல் வேலையாக பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு, பிறகுதான் டீ குடிக்கப் போவார். இன்ஜினைச் சும்மா போட்டுவைத்தால் அவசரத்துக்குக் கை கொடுக்காது என்பது அவருடைய சித்தாந்தம். பஸ்ஸுக்குச் சாவியைத் திருப்பினால் போதும், இதற்குத் தோளைக் கழற்ற வேண்டும் என்ற வித்தியாசம் அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

“எந்த அவசரத்துக்கு?” என்று கேட்டாள் அக்கா. “உங்களுக்கு வர்ற அவசரத்துக்குத்தானே? அதை தினம் காலையில நீங்களே கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்களே. உங்களைக் காப்பாத்த வாங்கின மெஷினால நீங்க போயிட்டா, நான் எங்க போய் முட்டிக்கறது?”

டிரைவர் மென்று முழுங்கினார். அதுக்கு மட்டும் இல்ல என்றார். பிறகு திறந்திருந்த கதவு வழியாக வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே, படுக்கையறைக்கு மேலே பாதி வானத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மரம் நின்றது. இரண்டு பேர் கை கோத்தால்தான் அணைக்க முடியும். வருஷத்துக்கு வருஷம் கூரைப் பக்கம் அது சாய்ந்துகொண்டு வருவதை அவளும்தான் பார்த்திருக்கிறாள். அது தன்பாட்டுக்கு நிற்கிறது என்று விட்டிருந்தாள். அவர் விடவில்லை போலிருக்கிறது.

“நான் போறதுக்கு முன்னாடி அதைச் சாய்ச்சுடணும். அதுக்குக் கீழ நீ தனியா படுத்திருப்பேன்னு நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. அதுக்குத்தான் இருபது இன்ச்.”

அக்காவுக்கு வந்தது அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும்தான் வந்தது. தம்பி பேச்சைக் கேட்டு ஆடினார், கடைக்காரர் வைத்த ஐஸில் உருகினார் என்று இத்தனை நாள் அவள் எரிந்துகொண்டிருந்தாள். இந்த ஆள் என்னடாவென்றால் அவளைக் கேட்காமலேயே அவளை விதவையாக்கி, அந்த விதவைக்கு வேண்டிய ஏற்பாடுகளையும் ஒன்றொன்றாகச் செய்துகொண்டிருக்கிறார். அவளுடைய பிற்காலத்தை நிர்ணயிக்க இவர் யார்?

“நான் நீங்க பிழைக்கறதுக்கு மெஷின் வாங்கக் கடைக்குப் போனேன். நீங்க செத்த பிறகு எனக்கு என்ன வேணும்னு பார்த்து வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள். “ரெண்டு பேரும் ஒரே கடைக்குத்தான் போனோமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மெஷினைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டாள். தோள் கழன்றால் கழன்று போகட்டும் என்று அதைத் தானே ரோட்டில் நின்ற ஆட்டோவரைக்கும் சுமந்துகொண்டு போனாள். டிரைவர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார்.

கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் நிலைமையைப் புரிந்துகொண்டார். உபயோகித்த சரக்கைத் திருப்பி எடுப்பதில்லை என்று, பாழாய்ப்போன பழக்கதோஷம், மறுபடி டிரைவரிடமே ஆரம்பித்தார். என்ன சார் ப்ராப்ளம், ஸ்டார்ட் ஆகலையா?

அக்கா வாயைத் திறப்பதற்குள் டிரைவர் ஒரு காரியம் செய்தார். மேஜையிலிருந்து விலகி அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். “அவங்ககிட்ட கேளுங்க. அறுக்கப் போறது அவங்க” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி, “கயித்தை என்னால இழுக்க முடியல. இழுக்கவும் கூடாது” என்று சேர்த்துக்கொண்டார். லாரி, பஸ், டிராக்டர் என்று எதையும் விட்டுவைக்காத மனுஷன், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் காது சிவந்துவிட்டது. அக்காவுக்கு மனசு ஒரு நிமிஷம் இளகியது. கடைக்காரர் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் மறுபடி இறுகிக்கொண்டது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொன்னேன். சிரிச்சீங்க.”

கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, வேறு குரலில், எவ்வளவு உபயோகம் இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவையா மாசத்துக்கு ஒரு தடவையா என்று கேட்டார்.

“ஒரே ஒரு தடவை வேணும்” என்றாள் அக்கா. “அன்னைக்கு ஸ்டார்ட் ஆகணும்.”

கடைக்காரருக்குப் புரியவில்லை. ஒரே ஒரு தடவைக்கு யாராவது மெஷின் வாங்குவார்களா என்ற மாதிரி முழித்தார். டிரைவர்தான் பின்னாலிருந்து விளக்கினார்.

“எனக்கு மறுபடி நெஞ்சு வலி வர்ற அன்னைக்கு. பாதையில மரம் கிடந்தா ஆம்புலன்ஸ் வராது.”

வீட்டில் அவர் நெஞ்சு வலி என்ற வார்த்தையை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாவற்றையும் “அன்னைக்கு கொஞ்சம் முடியாமப் போச்சே” என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தவர். அக்கா திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கடையில் வைத்தே அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த வியாபாரம் வேறு மாதிரி வியாபாரம். கடைக்காரர் உண்மையைச் சொன்னார். பெட்ரோல் மெஷினை நிரப்பி மாசக்கணக்கில் போட்டுவைத்தால் பெட்ரோல் கெட்டு உள்ளே பிசின் மாதிரி அடைத்துக்கொள்ளும், அவசரத்துக்கு ஓடாது. எப்பவாவது எடுக்கிறவர்களுக்குப் பட்டன்தான் நல்லது, சார்ஜ் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்த மூலை அலமாரியிலிருந்து பேட்டரி மெஷினை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் எழுந்து நின்று தூக்கிப் பார்த்தாள். நீட்டிப் பார்த்தாள், குனிந்து தரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். மெஷின் துள்ளினால் அறுக்கிற சங்கிலி தானாக நிற்கிற பிரேக் எங்கே இருக்கிறது, கட்டைவிரலை எப்படி மடக்கிப் பிடிக்க வேண்டும், சங்கிலிக்கு எண்ணெய் எங்கே ஊற்ற வேண்டும் என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். கண்ணாடி, கையுறை, காது மூடி, முன்பக்கம் கெட்டியாக இருக்கிற பூட்ஸ் எல்லாம் அவள் அளவுக்கு எடுத்தாள். பழைய மெஷினை, வாங்கிய விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு, அவரே எடுத்துக்கொண்டார். கடைசியில், மெஷின் யாருக்கு என்று கேட்டிருந்தால் முதல் நாளே எல்லாம் முடிந்திருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினாள். இதைச் சொல்லாமல் வந்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது.

மறுநாள் காலை பாதையோரம் காய்ந்து விழுந்திருந்த கிளை ஒன்றை அவள் பழகுவதற்காகத் தேர்ந்தெடுத்தாள். டிரைவர் நிற்க வேண்டிய இடத்தைக் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினாள். பட்டனை அழுத்தினாள். சங்கிலி விர்ரென்று சுற்றியது. முதல் வெட்டுக் கோணலாகப் போனது, இரண்டாவது நேராக விழுந்தது. டிரைவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லித் தந்துகொண்டிருந்தார். காது மூடிக்குள் ஒன்றுமே கேட்கவில்லை, அந்தச் சுகமே தனி. மூன்றாவது துண்டு உருண்டதும் விரலை எடுத்தாள். மெஷின் அடங்கியது. அவள் காது மூடியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, என்ன என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் அறுக்குது” என்றார் டிரைவர். பொம்மை என்று சொன்ன வாய் அது. “ஆனா அந்தப் பெரிய மரத்துக்கு இது பத்தாதே.”

அதற்கு மரம் வெட்டுகிறவர்கள் கயிறு கட்டி ஏறி வெட்டுவார்கள், அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அது நம்முடைய வேலையே இல்லை என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“இதை வெட்டிட்டா போதுமா? சுத்தி எத்தனை மரம் நிக்குது. ஒவ்வொண்ணா சாயும். நான் இல்லாத காலத்துல நீ ஒருத்தியா இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்குவே?”

மறுபடியுமா! அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டிப்போய் அவருக்கு நேராக நின்றாள்.

“அப்போ இருங்க” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அடுத்த துண்டை அறுக்க ஆரம்பித்தாள்.